மலிவு யாருக்கு? வீட்டில் ஆக்கும் இலத்திரனியற் கருவிகளின் பொத்தான்கள் பற்றிய ஒரு நோக்கு

1. தோற்றுவாய்

இலத்திரனியற் கருவியொன்றைத் தம் கையாலேயே ஆக்க முற்படும் மாணவர் முதலிற் கணக்கிடுவது அதனை இயக்கும் நுண்கட்டுப்படுத்தியின் விலையையே. பொத்தான்களைப் பற்றி அவர் கடைசியிலேயே எண்ணுகிறார். தனியொரு பொத்தான் மிக அற்ப விலைக்குக் கிடைப்பது இதற்குக் காரணம். ஆனால், கருவி உருப்பெறத் தொடங்கியதும் நிலைமை மாறுகிறது. பொத்தான்கள் பதினாறு வேண்டியிருக்கின்றன. நுண்கட்டுப்படுத்தியிலே பயன்படுத்தத்தக்க முனைகளோ பன்னிரண்டே உள்ளன. கம்பிகள் பெருகுகின்றன, பற்றாசு வைக்கவேண்டிய இடங்கள் இரட்டிக்கின்றன, ஒருமுறை அழுத்தினால் மும்முறை எண்ணப்படுகிறது. மலிவென்று கருதப்பட்ட உறுப்பே வேலைநேரத்தின் பெரும்பகுதியை விழுங்கிவிடுகிறது.

இச்சிக்கலைக் குறைந்த செலவில் தீர்ப்பதற்குப் பல வழிகள் உள்ளன. அவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் முதல் நோக்கமாகும். அவ்வழிகள் ஒவ்வொன்றிலும் 'மலிவு' என்பது எவ்வாறு உண்டாகிறது என ஆராய்வது இரண்டாவது நோக்கமாகும். பயன்பெறுமதி, பரிவர்த்தனைப் பெறுமதி என்னும் வேறுபாடு 1867ஆம் ஆண்டு வெளிவந்த 'மூலதனம்' முதற்பாகத்தின் தொடக்கத்திலேயே ஆராயப்பட்டுள்ளது. நாவலையும் சிறுகதையையும் நோக்கும்போது அதனைக் கையாளப் பழகிய நாம், நமது விரல் நாள்தோறும் தொடும் பொருளை நோக்கும்போது அதனை மறந்துவிடுகிறோம். இலக்கிய மாணவன் ஒருவன் இப்பொருள்பற்றி எழுதப் புகுந்தமைக்கு இதுவே காரணம்.

முடிபை முன்கூட்டியே கூறிவிடலாம். மலிவு என்பது பொருளொன்றின் உள்ளார்ந்த பண்பு அன்று. ஓரிடத்திலே குறைக்கப்பட்ட செலவு பெரும்பாலும் வேறோரிடத்திலே, வேறொருவரால், வேறொரு வடிவத்திலே செலுத்தப்படுகிறது. எந்த வழியைத் தெரிவது என்னும் தொழினுட்ப வினாவினுள்ளே, அச்செலவை யார் சுமப்பது என்னும் சமூக வினாவும் அடங்கியிருக்கிறது.

விளக்கத்தின் பொருட்டு ஓர் எடுத்துக்காட்டைக் கட்டுரை முழுவதும் மனங்கொள்வோம். தமிழ்ச் சங்கமொன்று ஐந்து அணிகளுக்கிடையே வினாவிடைப் போட்டி நடத்துகிறது. ஒவ்வோர் அணியின் முன்னும் ஒரு பொத்தான். முதலில் அழுத்திய அணியைக் கருவி காட்டவேண்டும். இதனைக் குறைந்த செலவில் ஆக்குவது எவ்வாறு?

2. பொத்தானின் இயல்பு

பொத்தான் என்பது தற்காலிகமாக மூடும் ஓர் ஆளி. இரு உலோகத் துண்டுகள் பிரிந்திருக்கின்றன. விரல் அழுத்தும்போது ஒன்றையொன்று தொடுகின்றன. விரலை எடுத்ததும் பிரிகின்றன. இன்று பரவலாகக் கிடைக்கும் சிறு பொத்தான் 6 மில்லிமீற்றர்ச் சதுரமானது. அதற்கு நான்கு கால்கள் உண்டு. அவை இரண்டிரண்டாக உள்ளே முன்னரே இணைக்கப்பட்டிருக்கும். இதனை அறியாதவர் பொத்தானைத் திருப்பிப் பொருத்திவிட்டு, அது எப்போதும் அழுத்தப்பட்ட நிலையிலேயே இருப்பதாகக் காட்டுவதைக் கண்டு திகைப்பர். மூலைவிட்டமாக எதிரெதிரேயுள்ள இரு கால்களைப் பயன்படுத்தினால் இத்தவறு நேராது.

பொத்தான் அழுத்தப்படாதபோது நுண்கட்டுப்படுத்தியின் உள்ளீட்டு முனை எதனோடும் இணையாமல் 'மிதக்கும்' நிலையில் இருக்கும். அயலிலுள்ள மின்கம்பியும், அருகே வரும் கையுங்கூட அதன் நிலையை மாற்றிவிடக்கூடும். ஆகவே 10,000 ஓம் தடையொன்றின் மூலம் அம்முனையை 5 வோல்ற்றுடன் இணைத்து, பொத்தானை அம்முனைக்கும் பூச்சியத்துக்கும் இடையே வைப்பர். அழுத்தாதபோது 5 வோல்ற், அழுத்தியபோது பூச்சியம். அப்போது தடையினூடே பாய்வது அரை மில்லியம்பியர் மாத்திரமே. ஆர்டுயினோ ஊனோ பலகையிலுள்ள அற்மெகா 328 போன்ற நுண்கட்டுப்படுத்திகளில் இத்தகைய தடை உள்ளேயே அமைந்துள்ளது. செய்நிரலில் ஒரு வரி எழுதி அதனை இயக்கிவிடலாம். முதற் சிக்கனம் இது: ஒரு பொருளும் வாங்கவேண்டியதில்லை.

இரண்டாவது இடர் துள்ளல் ஆகும். உலோகம் உலோகத்தை மோதும்போது ஒரேயடியாக ஒட்டிக்கொள்வதில்லை. சில மில்லிசெக்கன்களுக்கு மீளமீளத் துள்ளுகிறது. மனிதர்க்குப் புலப்படாத இத்துள்ளல்களை நுண்கட்டுப்படுத்தி தனித்தனி அழுத்தங்களாக எண்ணிவிடும். முதல் மாற்றத்தைக் கண்டபின் ஏறத்தாழ 20 மில்லிசெக்கன் பொறுத்து, நிலை மாறாதிருப்பின் ஏற்றுக்கொள்ளுமாறு செய்நிரலை எழுதுவது வழக்கம். கொள்ளளவியும் தடையும் வாங்கிச் சேர்த்தும் இதனைத் தீர்க்கலாம். செய்நிரலால் தீர்ப்பின் காசு மிஞ்சும், சிந்தனை செலவாகும்.

3. உயிர்மெய் அட்டவணையும் நிரைநிரல் அமைப்பும்

பொத்தான் ஒன்றுக்கு முனை ஒன்று என்பது மிக எளிய முறை. ஐந்து, ஆறு பொத்தான்கள் வரை இதற்கு நிகரில்லை. ஆனால், ஊனோ பலகையிலுள்ள இலக்கமுறை முனைகள் 14. அவற்றுள் இரண்டு கணினியுடன் தொடர்பாடுவதற்கு வேண்டப்படுவன. எஞ்சுவன 12. பொத்தான்கள் பெருகும்போது வேறு வழி தேட நேர்கிறது.

அவ்வழியைத் தமிழ்ப் பிள்ளைகள் பாலர் வகுப்பிலேயே கண்டிருக்கிறார்கள். உயிர்மெய் அட்டவணையின் மேற்பக்கத்தில் 12 உயிர்கள்; இடப்பக்கத்தில் 18 மெய்கள். எழுதப்பட்ட தலைப்புகள் 30. சந்திக்கும் கட்டங்கள் 216. 'கூ' எங்கே இருக்கிறது என்று கேட்டால், 'க்' என்னும் நிரையும் 'ஊ' என்னும் நிரலும் சந்திக்கும் இடத்தைக் காட்டுகிறோம். பொத்தான்களின் நிரைநிரல் அமைப்பும் இதுவே. கிடையாகச் சில கம்பிகள். நிலைக்குத்தாகச் சில கம்பிகள். ஒவ்வொரு சந்திப்பிலும் ஒரு பொத்தான். நான்கு நிரையும் நான்கு நிரலும் கொண்டால் 8 முனைகளால் 16 பொத்தான்களை அறியலாம். கூட்டலாற் செலவும் பெருக்கலாற் பயனும் உண்டாவதே இவ்வமைப்பின் ஆற்றல்.

நுண்கட்டுப்படுத்தி முதல் நிரையைப் பூச்சியமாக்கி, எந்த நிரல் பூச்சியமாகிறது என்று நோக்குகிறது. பின்னர் இரண்டாம் நிரை, பின்னர் மூன்றாவது. முழு அட்டவணையையும் ஒரு மில்லிசெக்கனுக்குள் வாசித்துவிடலாம். அவ்வேளை, தன் முறை வராத நிரைகளை மின்னழுத்தம் செலுத்தாது, உள்ளீட்டு நிலையில் விட்டுவைத்தல் வேண்டும். இன்றேல் ஒரே நிரலில் இரு பொத்தான்கள் அழுத்தப்படும்போது இரு வெளியீட்டு முனைகள் ஒன்றோடொன்று மோதிப் பழுதுறலாம்.

இவ்வமைப்புக்கு ஒரு குறை உண்டு. செவ்வகமொன்றின் மூன்று மூலைகளிலுள்ள பொத்தான்கள் ஒருங்கே அழுத்தப்படின், மின்னோட்டம் சுற்றுவழியாகச் சென்று நான்காம் மூலையும் அழுத்தப்பட்டதாகக் காட்டும். யாரும் தொடாத பொத்தான் பேசுகிறது. 1என் 4148 போன்ற மிக மலிவான இருவாயியொன்றை ஒவ்வொரு பொத்தானோடும் சேர்த்தால் இக்குறை நீங்கும். ஒரு நேரத்தில் ஒரு பொத்தானை மட்டும் அழுத்துவதாயின் இருவாயி வேண்டியதேயில்லை.

தமிழ் எழுத்துகளை உள்ளிடும் பலகையொன்றை இம்முறையில் ஆக்குவது எளிது. யாழ்ப்பாணத்திற் பிறந்து இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மலாயாவுக்குச் சென்ற ஆர். முத்தையா தமிழ்த் தட்டச்சுப் பொறியை வகுத்தபோது எதிர்நோக்கிய முதன்மைச் சிக்கல் 247 எழுத்துகளைச் சில பத்து விசைகளுக்குள் அடக்குவதே. எழுத்தையும் குறியையும் பிரித்து அடித்துச் சேர்ப்பதே அதற்கு விடையாயிற்று. 1999ஆம் ஆண்டு தமிழ்நாட்டு அரசு ஏற்ற தமிழ் 99 விசைப்பலகையில் உயிரும் மெய்யும் ஆய்தமும் ஆகிய 31 எழுத்துகளும் தனி விசை பெற்றன. உயிர்மெய் கணினியின் செய்நிரலிலே பிறக்கிறது. ஆறு நிரையும் ஆறு நிரலும் கொண்ட அமைப்பில் சந்திப்புகள் 36. எழுத்துகள் 31, இடைவெளி, அழித்தல் முதலியவற்றுக்கு எஞ்சுவன 5. வேண்டும் முனைகள் 12. ஊனோ பலகையில் எஞ்சியிருப்பனவும் அவையே.

4. தொழிற்சாலையின் மலிவு: ஒரு வரலாற்றுச் சான்று

நிரைநிரல் அமைப்பையும் மலிவையும் இணைத்து வரலாற்றில் இடம்பெற்ற ஒரு பொருளை இங்கு நோக்குதல் தகும். பிரித்தானியாவில் சின்கிளையர் நிறுவனம் 1980ஆம் ஆண்டு இசட்.எக்ஸ். 80 என்னும் வீட்டுக் கணினியை விற்பனைக்கு விட்டது. பூட்டியதாயின் 99.95 பவுண், உறுப்புகளாக வாங்கித் தாமே பூட்டுவதாயின் 79.95 பவுண். அடுத்த ஆண்டு வெளிவந்த இசட்.எக்ஸ். 81 முறையே 69.95, 49.95 பவுண்களுக்கு விற்கப்பட்டது. சாதாரண குடும்பத்துப் பிள்ளைகளின் கைக்கு எட்டிய முதற் கணினிகளுள் இவையும் அடங்கும்.

இவற்றின் விசைப்பலகையில் விசை என்று சொல்லத்தக்கது எதுவும் இல்லை. மென்தகடுகள் இரண்டு, அவற்றிலே கடத்துங் கோடுகள், இடையில் துளைகளையுடைய பிறிதொரு தகடு. விரல் அழுத்தும்போது மேற்றகடு துளையினூடே வளைந்து கீழ்த்தகட்டைத் தொடும். 8 நிரையும் 5 நிரலும் சந்திக்கும் 40 இடங்களே 40 விசைகள். உற்பத்திச் செலவு பெரிதும் குறைந்தது. ஆனால், அழுத்தம் பதிவானதை விரல் உணராது. ஒவ்வோர் எழுத்துக்கும் கண் திரையை நோக்கவேண்டும். வேகமாகத் தட்டச்சிடுவது இயலாத காரியம். அக்குறையை ஓரளவு ஈடுசெய்யும் வகையில், கட்டளைச் சொல் முழுவதும் ஒரே அழுத்தத்தில் வருமாறு அமைத்தனர். இசட்.எக்ஸ். 81இல் 'பி' விசையை ஒருமுறை அழுத்தினால் 'பிரின்ற்' என்னும் சொல் முழுதாகத் தோன்றும். இது 1 கிலோபைற் நினைவகத்திலும் இடத்தை மிச்சப்படுத்தியது. அதன் பயனாக ஒரே விசைமீது பல குறிகள் நெருங்கின. விசைக்கான செலவு குறைந்தது. அவற்றை மனனஞ் செய்யும் உழைப்பு பயன்படுத்துவோரைச் சார்ந்தது.

செலவு இடம்மாறிய மற்றோர் இடமும் உண்டு. இசட்.எக்ஸ். 81 ஸ்கொட்லாந்தின் டண்டீ நகரிலிருந்த ரைமெக்ஸ் தொழிற்சாலையிற் பூட்டப்பட்டது. அங்கு பணியாற்றியோருட் பெரும்பான்மையோர் பெண்கள். பதினைந்து இலட்சத்துக்கு மேற்பட்ட வீடுகளுக்கு மலிவாகச் சென்ற பெட்டி அவர்தம் விரல்களினூடாகவே சென்றது. 1993ஆம் ஆண்டு நிகழ்ந்த கடுமையான தொழிற்பிணக்கின் முடிவில் அத்தொழிற்சாலை மூடப்பட்டது. பெட்டியின் விலைச்சீட்டிலே இவ்வரலாற்றுக்கு இடமில்லை.

வீட்டில் ஆக்குவோர் இதனின்று கற்கவேண்டியது ஒன்றுண்டு. தொழிற்சாலைக்கு ஒரு பொத்தானில் ஒரு சதம் மிஞ்சின் பத்து இலட்சம் பொத்தான்களில் பெருந்தொகை மிஞ்சும். அதற்காக அது அச்சு வார்க்கலாம், தகடு பொறிக்கலாம். ஒரேயொரு கருவி ஆக்குவோருக்கு அக்கணக்குப் பொருந்தாது. அவருக்கு அருமையானவை முனையும் நேரமும் கிடைக்கும் பொருளுமே. ஆயினும் மென்தகட்டின் தத்துவம் அவருக்கும் உரியது. கடதாசி அட்டை இரண்டு, அலுமினியத் தாள், துளையிட்ட நடு அட்டை ஒன்று ஆகியன இருப்பின் அதே ஆளியை மேசைமீது ஒரு மாலைப்பொழுதில் ஆக்கிவிடலாம்.

5. தடைத்தொடரும் ஓர் அநீதியும்

ஒரே முனையால் பல பொத்தான்களை அறியும் முறையும் உண்டு. சில நுண்கட்டுப்படுத்தி முனைகள் மின்னழுத்தத்தின் அளவையே அறியவல்லன. 0 முதல் 5 வோல்ற் வரையுள்ளதை 0 முதல் 1023 வரையான எண்ணாக அவை தருகின்றன. அம்முனையை 2,000 ஓம் தடையினூடாக 5 வோல்ற்றுடன் இணைப்போம். அதிலிருந்து 330, 620, 1,000, 3,300 ஓம் தடைகளைத் தொடராக நீட்டுவோம். தொடரின் தொடக்கத்திலும் ஒவ்வொரு தடையின் முடிவிலும் பூச்சியத்தை நோக்கி ஒவ்வொரு பொத்தானை வைப்போம். ஐந்து பொத்தான்களும் முறையே 0, 145, 329, 505, 741 என்னும் அளவிலான எண்களைத் தரும். எதுவும் அழுத்தப்படாவிடின் 1023. ஆர்டுயினோவுக்கென விற்கப்படும் திரைப்பலகைகள் சிலவற்றில் இத்தொடரே உள்ளது. கைபேசியின் காதணிக் கம்பியிலுள்ள பொத்தான்களும் இதே தத்துவத்தின்படி இயங்குகின்றன.

ஐந்து பொத்தான், ஒரு முனை, ஐந்து தடை. வினாவிடைப் போட்டிக்கு இதைவிட மலிவானது வேறில்லை என்றே தோன்றும். ஆனால், தொடரின் இயல்பை நோக்குக. முதற் பொத்தான் அழுத்தப்பட்டதும் முனை நேரே பூச்சியத்துடன் இணைந்துவிடுகிறது. அதற்கப்பாலுள்ள பொத்தான்களின் நிலை எதுவாயினும் முனைக்குத் தெரியாது. முதலாம் அணியும் ஐந்தாம் அணியும் ஒருங்கே அழுத்தினால் எப்போதும் முதலாம் அணியே வெல்லும். அதுமட்டுமன்று. துள்ளலைத் தவிர்க்கச் செய்நிரல் 20 மில்லிசெக்கன் பொறுத்திருக்கிறது என்று கொள்வோம். ஐந்தாம் அணி முந்தி அழுத்தி, 10 மில்லிசெக்கன் கழித்து முதலாம் அணி அழுத்தினாலும், பொறுத்திருந்து வாசிக்கும்போது கிடைப்பது முதலாம் அணியின் எண்ணே. முந்தியவரின் உரிமை பிந்தியவருக்குப் போய்விடுகிறது.

இங்கு எவரும் வஞ்சனை செய்யவில்லை. நான்கு முனைகளை மிச்சப்படுத்தும் அமைப்பே ஏற்றத்தாழ்வைத் தன்னுள் கொண்டிருக்கிறது. தோற்ற அணி தன் கை தாமதித்தது என்றே நம்பும். பொத்தான்கள் அனைத்தும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலவே இருக்கின்றன என்பதும் மனங்கொளத்தக்கது. ஒரு நேரத்தில் ஒருவரே அழுத்தும் பட்டித் தெரிவுக்கும், வானொலிப் பெட்டியின் ஒலியைக் கூட்டிக் குறைப்பதற்கும் தடைத்தொடர் மிகப் பொருத்தமானது. பலர் போட்டியிடும் இடத்துக்கு அது ஆகாது. ஐந்து அணிகளுக்கு ஐந்து முனைகளைச் செலவிடுதலே நேர்மையான சிக்கனம்.

அவ்வாறு ஐந்து முனைகளைக் கொண்டபோதும் செய்நிரலை எழுதுவோர் விழிப்பாயிருத்தல் வேண்டும். 'முதலாம் அணி அழுத்தியதா? இல்லையேல் இரண்டாம் அணியா?' என்று வரிசைப்படி வினவும் செய்நிரலிலும் அதே சார்பு சிறிய அளவில் உறைந்துள்ளது. ஐந்தின் நிலையையும் ஒரே கணத்தில் வாசித்து, இரண்டு ஒருங்கே காணப்படின் சமநிலை என்று அறிவிப்பதே முறை.

அணிகள் எட்டு, பதினாறு என்று பெருகுமாயின் 74 எச்.சி. 165 என்னும் ஒருங்கிணைந்த சுற்று உதவும். அது எட்டுப் பொத்தான்களின் நிலையையும் ஒரு கணத்தில் பதிந்துகொண்டு, பின்னர் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே கம்பியிலே சொல்லும். வேண்டும் முனைகள் மூன்று. ஒன்றோடொன்றைத் தொடுத்தால் அதே மூன்று முனைகளாலேயே பதினாறு, இருபத்துநான்கு பொத்தான்களையும் அறியலாம். நின்ரெண்டோ நிறுவனத்தின் பழைய வீட்டு விளையாட்டுப் பொறியான என்.ஈ.எஸ்.ஸின் கைப்பிடியிலும் இதன் இனத்தைச் சேர்ந்த 4021 என்னும் சுற்றே எட்டுப் பொத்தான்களை வாசித்தது.

6. வீசப்பட்டவற்றின் பயன்பெறுமதி

இதுகாறும் வாங்கும் பொருள்களைப் பற்றிக் கூறினோம். எல்லாவற்றிலும் மலிவானது முன்னரே நம் வீட்டிலுள்ள பழைய பொருள். சந்தையில் அதற்கு விலையில்லை. பரிவர்த்தனைப் பெறுமதி அற்றுப்போயிற்று. பயன்பெறுமதியோ பெரும்பாலும் குறையாதிருக்கிறது. மூன்று பொருள்களை எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, பழைய கணினி விசைப்பலகை. வட்டமான ஆறூசிச் செருகியையுடைய, 1987ஆம் ஆண்டு ஐ.பி.எம். நிறுவனம் அறிமுகஞ்செய்த பி.எஸ். 2 வகை இதற்கு உகந்தது. நூற்றுக்கு மேற்பட்ட விசைகள். அவற்றை வாசிக்கும் சுற்று உள்ளேயே உண்டு. துள்ளல் நீக்கமும் அதன் பொறுப்பு. 5 வோல்ற், பூச்சியம் ஆகிய இரு கம்பிகள் போக, நுண்கட்டுப்படுத்திக்கு வருவன கடிகைக் கம்பி, தரவுக் கம்பி என்னும் இரண்டே. ஒவ்வோர் அழுத்தமும் 11 துடிப்புகள் கொண்ட தொடர்களாக வந்துசேரும். யு.எஸ்.பி. வகையைச் சிறிய நுண்கட்டுப்படுத்திகள் பலவற்றுடன் இவ்வளவு எளிதாக இணைத்தல் இயலாது.

இரண்டாவது, தொலைக்காட்சியின் தொலைக்கட்டுப்படுத்தி. தொலைக்காட்சி பழுதுபட்டு வீசப்பட்ட பின்னரும் அதன் கைக்கருவி இலாச்சியிற் கிடக்கும். மூன்று கால்களையுடைய, 38 கிலோஹேட்ஸ் அகச்சிவப்புக் கதிர் வாங்கியொன்றை நுண்கட்டுப்படுத்தியின் ஒரு முனையுடன் இணைத்தால், முப்பது நாற்பது பொத்தான்கள் கம்பியின்றியே கிடைத்துவிடுகின்றன. பெட்டி, எழுத்து, றப்பர் யாவும் முன்னரே அமைந்தவை. விலைக்கும் பொத்தானின் தொகைக்குமுள்ள விகிதத்தை நோக்கின் இதனை வெல்ல ஒன்றுமில்லை. ஆயின் பரவலான முறையொன்றில் ஒரு கட்டளையை அனுப்ப ஏறத்தாழ 68 மில்லிசெக்கன் செல்லும். இருவர் ஒருங்கே அழுத்தினாற் கதிர்கள் கலந்துவிடும். நமது போட்டிக்கு இதுவும் ஆகாது. போட்டியை நடத்துபவர் புள்ளிகளைக் கூட்டுவதற்கும் கருவியை மீள ஆயத்தப்படுத்துவதற்கும் இதுவே மிகச் சிறந்தது.

மூன்றாவது, பழைய கணிப்பானின் றப்பர்ப் பொத்தான்கள். ஒவ்வொன்றின் அடியிலும் கரிகலந்த சிறு வில்லை உண்டு. அது கீழேயுள்ள தகட்டின் இரு கோடுகளையும் இணைக்கும். தேய்ந்த வில்லையின்மேல் அலுமினியத் தாளை வட்டமாக வெட்டி ஒட்டினால் அது மீண்டும் உயிர்பெறும். கரிவில்லைக்குத் தனக்கென ஒரு தடை உண்டு. அது அழுத்தத்தோடும் வயதோடும் மாறுவது. ஆகவே இவ்வகைப் பொத்தான்களை நிரைநிரல் அமைப்பிற் பயன்படுத்தலாம். தடைத்தொடரிற் பயன்படுத்தின் எண்கள் பிறழும்.

பழையதைப் பிரித்தெடுத்தல் நம் மண்ணுக்குப் புதிய பாடம் அன்று. 1990களின் முற்பகுதியில் பொருளாதாரத் தடையின்போது மின்கலங்கள் வடக்கே கொண்டுவரத் தடுக்கப்பட்டிருந்தன. அக்காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டவர்கள், பொருளின் பயன் அதன் விலைச்சீட்டோடு முடிவதில்லை என்பதைக் கோட்பாடு படித்து அறிந்தவர்கள் அல்லர். 2022ஆம் ஆண்டு ரூபாயின் பெறுமதி வீழ்ந்தபோதும் அதே பாடம் வேறு வடிவில் வந்தது. வெளிநாட்டு ஏடுகளில் 'மிக மலிவு' என்று எழுதப்படும் உறுப்பு, நாணயமாற்றையும் இறக்குமதியையும் கடந்து நம் கைக்கு வரும்போது மலிவாயிருப்பதில்லை. மலிவு பற்றிய எந்தக் கூற்றுக்கும் இடமும் காலமும் உண்டு.

7. தொடுகையும் தொட்டுணர்வும்

அசையும் உறுப்பு எதுவுமின்றியும் பொத்தான் ஆக்கலாம். அலுமினியத் தாளின் ஒரு துண்டை நுண்கட்டுப்படுத்தியின் உள்ளீட்டு முனையுடன் இணைத்து, பிறிதொரு முனையிலிருந்து 10 இலட்சம் ஓம் அளவான தடையினூடாக அதற்கு மின்னேற்றம் அனுப்பவேண்டும். விரல் தாளைத் தொடும்போது மனிதவுடலின் கொள்ளளவமும் சேர்வதால் மின்னேறும் நேரம் நீள்கிறது. அந்நீட்சியே அழுத்தத்தின் அறிகுறி. ஈ.எஸ்.பி. 32 என்னும் நுண்கட்டுப்படுத்தியில் இதற்கென்றே பத்து முனைகள் உள்ளன; வெளித்தடையும் வேண்டியதில்லை. தேய்வு இல்லை, துள்ளும் உலோகம் இல்லை, செலவும் இல்லை எனலாம்.

ஆனால், ஈரமும் வியர்வையும் நீண்ட கம்பியும் அளவீட்டைக் குழப்பும். அதனினும் முக்கியமானது, தொடுதாளுக்கு எல்லையும் அசைவும் இல்லை என்பது. பார்வையற்ற ஒருவர் உலோகப் பொத்தானைத் தடவி அறிந்து, பின்னர் அழுத்துகிறார். தொடுதாளிலோ தடவுதலே அழுத்துதலாகிவிடுகிறது. தேடும் விரல் தன்னையறியாமற் கட்டளையிட்டுவிடுகிறது. இசட்.எக்ஸ். 81இன் தட்டையான விசைகளை நோக்கியபோது கண்ட செலவுமாற்றத்தின் கடுமையான வடிவம் இது: ஆக்குவோருக்கு மிஞ்சிய காசை, கண் காணாதவர் தமது சுதந்திரத்தாற் செலுத்துகிறார். தாளைச் சுற்றித் தடித்த அட்டையால் விளிம்பு கட்டுவதும், தொட்டுச் சிறிது நேரம் தாமதித்தால் மாத்திரமே ஏற்கும்படி செய்நிரல் எழுதுவதும் இக்குறையை ஓரளவு தணிக்கும்.

8. முடிவுரை

கூறியவற்றைத் தொகுத்து நோக்குவோம். ஐந்தாறு பொத்தான்களுக்குத் தனித்தனி முனையும் உள்ளமைந்த தடையும் போதும். பன்னிரண்டு முதல் நாற்பது வரையான பொத்தான்களுக்கு நிரைநிரல் அமைப்பு. பல பொத்தான்களை ஒருங்கே அழுத்துவதாயின் இருவாயிகளுடன். முனை அரிதாகி, ஒருவரே பயன்படுத்துமிடத்துத் தடைத்தொடர். பலர் போட்டியிட்டு முனை போதாவிடின் 74 எச்.சி. 165. எழுத்துள்ளீட்டுக்குப் பழைய விசைப்பலகை. தூரத்திலிருந்து கட்டளையிடத் தொலைக்கட்டுப்படுத்தி. அசைவும் தேய்வும் கூடாதவிடத்து, விரலுக்கு வழிகாட்டும் விளிம்புடன், தொடுதாள்.

தொழிற்சாலை பண்டம் ஆக்குகிறது. அதன் மலிவு விற்பனையை நோக்கியது. வீட்டிலே ஆக்குவோர் பயன்படும் பொருளை ஆக்குகிறார். அவரே உழைப்பாளி, அவரே கணக்காளர், பெரும்பாலும் அவரே பயன்படுத்துவோர். ஆகவே செலவு எங்கிருந்து எங்கே மாறுகிறது என்பதைத் தொழிற்சாலையிலும் தெளிவாகக் காணும் வாய்ப்பு அவருக்குண்டு. மூடிய பெட்டியின் பொத்தானை அழுத்த மட்டும் அறிந்தவருக்கு அவ்வாய்ப்பு இல்லை. நமது பாடசாலைகளிலும் சங்கங்களிலும் இத்தகைய கருவிகளை ஆக்கும் பழக்கம் வளரவேண்டும் என்று கூறுவதற்கு இதுவே தலையாய காரணம்.

வினாவிடைப் போட்டியின் ஐந்து பொத்தான்களுக்கு மீள்வோம். ஒரு முனையா, ஐந்து முனையா என்று தெரியும் மாணவர், தம்மையறியாமலே நீதி பற்றிய ஒரு முடிவையும் செய்கிறார். அறிந்தே செய்தல் நன்று.